அமெரிக்காவில் ஒரே பெயரில் இத்தனை ஊர்கள் இருப்பது ஏன்? தபாலெல்லாம் மாறிப் போகாதா?

மாறிப் போகும். எங்கள் வீட்டுப் பார்சலே போயிருக்கிறது.

இல்லினாய் மாநிலத்துப் புளூமிங்டனில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். அதனால் ஐடி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஒரு தீபாவளிக்கு அம்மா கைமுறுக்கும் பருப்புப்பொடியும் அனுப்பினார். பன்னிரண்டு நாளாகியும் வரவில்லை. டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பார்த்தால், பெட்டி இண்டியானா மாநிலத்துப் புளூமிங்டனில் இருக்கிறது! காரில் போனால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். மாநிலச் சுருக்கம் ஐ.எல். (இல்லினாய்) என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஐ.என். (இண்டியானா) என்று யாரோ அடித்துவிட்டார்கள். ஊர்ப் பெயர் சரியாக இருந்ததால் கணினியும் அந்த ஊரின் ஜிப் எண்ணையே (நம் பின்கோடு மாதிரி) நிரப்பிவிட்டது. ஒருவழியாக வந்து சேர்ந்தபோது முறுக்கில் பாதி தூள். அதைத் தயிர்சாதத்தின் மேல் தூவிச் சாப்பிட்டோம்.

அப்புறம்தான் இந்தப் பெயர்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பெரும்பாலான கதைகளில் காரணம் ஒன்றுதான்: கிழக்கிலிருந்து மேற்கே குடிபோனவர்கள், விட்டு வந்த ஊரின் பெயரையும் கூடவே கொண்டுபோனார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபேயட்வில் கதை. அமெரிக்க விடுதலைப் போரில் உடன் நின்று போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்டின் நினைவாக, 1783இல் வட கரோலினாவில் ஓர் ஊருக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். அங்கிருந்து டென்னஸிக்குப் போனவர்கள் புது ஊருக்கும் அதையே வைத்தார்கள். ஆர்கன்சாவில் ஓர் ஊர் உருவானபோது அதற்கு முதலில் வாஷிங்டன் கோர்ட்ஹவுஸ் என்றுதான் பெயர். ஆனால் அதே ஆர்கன்சாவில் வாஷிங்டன் என்று இன்னோர் ஊர் இருந்தது, தபால் குழம்பும். அதனால் 1829இல் பெயரை மாற்றினார்கள். ஊரை அமைக்க நியமிக்கப்பட்டவர்களில் இருவர் டென்னஸி ஃபேயட்வில்காரர்கள். வேறென்ன பெயர் வரும்? ஒரு மனிதரின் பெயர், மூன்று மாநிலம் தாண்டி, கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது.

இதிலேயே உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கும் பதில் இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் பெயர் மோதினால் யாராவது ஒருவர் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. பக்கத்து மாநிலத்தில் அதே பெயர் இருந்தால் யாரும் கவலைப்படவில்லை. அதனால்தான் அமெரிக்கர்கள் இன்றும் ஊரையும் மாநிலத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஜிப் எண் 1963இல்தான் வந்தது. அதுவரை மாநிலப் பெயர்தான் துணை.

போர்ட்லாந்து கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. 1845இல் ஆரிகனில் ஒரு நிலத்துக்கு இரண்டு உரிமையாளர்கள். லவ்ஜாய் பாஸ்டனிலிருந்து வந்தவர், பாஸ்டன் என்று வைக்கச் சொன்னார். பெட்டிகுரோவ் மெயின் மாநிலத்துப் போர்ட்லாந்திலிருந்து வந்தவர், அந்தப் பெயரைக் கேட்டார். ஒரு செம்புக் காசைச் சுண்டி முடிவு செய்தார்கள். மூன்று முறை சுண்டுவது, இரண்டு முறை ஜெயித்தவர் சொல்லும் பெயர். பெட்டிகுரோவ் ஜெயித்தார். 1835ஆம் வருடத்து அந்தக் காசை ஆரிகன் வரலாற்றுக் கழகம் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறது. அது மாற்றி விழுந்திருந்தால் பசிபிக் பக்கம் இன்னொரு பாஸ்டன் இருந்திருக்கும்! மெயினில் இருக்கும் போர்ட்லாந்துக்கும் அந்தப் பெயர் இங்கிலாந்துத் தீவு ஒன்றிலிருந்துதான் வந்தது.

சரி, இங்கே படிப்பவர்களில் யாராவது அமெரிக்கா வருவதாக இருந்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப் பெயரை மட்டும் நம்பாதீர்கள், விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் பாருங்கள். முக்கியமாக ரோசெஸ்டர். மின்னசோட்டாவில் இருப்பதற்கு, நியூயார்க் மாநிலத்து ரோசெஸ்டரைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். இரண்டிலும் விமான நிலையம் உண்டு. மேயோ கிளினிக் என்ற பெரிய மருத்துவமனை இருப்பது மின்னசோட்டாவில். நோயாளியை அழைத்துக்கொண்டு போகிறவர்கள் டிக்கெட்டில் ஆர்.எஸ்.டி. (RST) என்று இருக்கிறதா பாருங்கள், ஆர்.ஓ.சி. (ROC) என்றிருந்தால் அது நியூயார்க் மாநிலம்.