பாரில் தட்டிய பழைய பாய் வள்ளம்: ஏராவை மாற்றணுமா, ஒட்டுப்போட்டால் போதுமா?

கேள்வி: கீழக்கரைப் பக்கம் பழைய மரப் பாய் வள்ளம் ஒன்று வாங்கினேன். கடலடிப் பாரில் (பாறையில்) தட்டி, வள்ளத்தின் முதுகெலும்பான அடிக்கட்டை ஏராவில் ஒரு முழ நீளத்துக்குப் பிளந்திருக்கிறது. ஃபைபர் போட்டு மூடிவிடலாமா, ஏராவையே மாற்ற வேண்டுமா?

இரண்டையும் இப்போதே முடிவு செய்யாதீர்கள். என் தாய்மாமா ஓடாவி, வள்ளம் கட்டும் தச்சர். வள்ளம் கரையேறியதும் அவர் காயத்தைப் பார்க்க மாட்டார், முதலில் நூல் பிடிப்பார். அணியத்திலிருந்து (முன்முனை) பின்தலை வரை ஏராவின் அடியோரமாகத் தங்கூசி (நைலான்) நூலை விறைப்பாக இழுத்துக் கட்டிப் பாருங்கள். வள்ளத்துக்கு அடியில் நாலைந்து இடத்தில் கட்டை முட்டுக் கொடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் பொய் சொல்லும். வாங்கிய வள்ளம் என்பதால் ஏரா முதலில் நேராக இருந்ததா, வளைவாக இருந்ததா என்று பழைய சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் தொங்கி நடு தூக்கியிருந்தால் விஷயம் பெரியது. நேராக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

பாரில் இடித்த காயம் கண்ணுக்குத் தெரியும், அதனால் பயமுறுத்தும். எனக்கு அதைவிடப் பயம், தரைதட்டி அலையில் ஏறி ஏறி விழுந்த வள்ளம்தான். ஏராவில் கீறல்கூட இருக்காது. ஏராவும் முதல் பலகையும் சேரும் காடி (பள்ளம்) மட்டும் விட்டிருக்கும். தண்ணீர் பெரும்பாலும் வருவது அந்த வழியாகத்தான். காயத்துக்கு இரண்டு பக்கமும் காடியில் அடைத்த பழைய பஞ்சு பிதுங்கியிருக்கிறதா, வள்ளத்தின் விலா எலும்பான வங்குகளில் வெடிப்பு உண்டா என்று உள்ளே இறங்கிப் பாருங்கள்.

அப்புறம் மரம். கீழிருந்து தின்பது கடல்புழு, மேலிருந்து தின்பது மழைத்தண்ணீர். புழு நுழையும் ஓட்டை குண்டூசித் தலை அளவுதான், உள்ளே சுண்ணாம்பு பூசிய குழாய்போல மரத்தின் நார் வாக்கிலேயே போயிருக்கும். சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள், சத்தம் மந்தமாகும் இடத்தில் குத்தூசியை இறக்குங்கள். உள்பக்கம் மழைநீர் தேங்கும் குழிகளையும் விடாதீர்கள். உப்புத்தண்ணீரைவிட நல்ல தண்ணீர்தான் மரத்தைச் சீக்கிரம் அழுகவைக்கும். (குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்காத நம்ம மாவட்டத்தில் வள்ளத்துக்கு மட்டும் அது தாராளமாகக் கிடைக்கிறது!) இரும்பு ஆணியைச் சுற்றி மரம் கறுத்து உதிர்ந்தால், அந்த இடம் வரைக்கும் வெட்டித்தான் ஆக வேண்டும்.

சில வள்ளங்களில் ஏராவுக்குக் கீழே தேய்மானத்துக்கென்றே ஒரு பலகை அறைந்திருப்பார்கள். பிளந்தது அது மட்டும் என்றால் கழற்றி மாற்றுங்கள், வேலை முடிந்தது. ஏராவிலேயே என்றால், கெட்ட மரத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து அதே நார் வாக்கில் மரம் பதிக்கலாம். பிளவு ஆழமாக ஓடினால் அந்தத் துண்டையே எடுத்துச் சாய்வாக ஒட்டுப்போட வேண்டும். சாய்வின் நீளம் கட்டையின் உயரத்தைப்போல எட்டு மடங்காவது இருக்கட்டும்: ஆறு அங்குல ஏராவுக்கு நாலு அடி. அந்த ஒட்டு பாய்மரம் ஊன்றும் இடத்துக்கு நேர் கீழே வரக் கூடாது. கால்வனைஸ் (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட் போடுவதென்றால் எல்லாமே அதுவாக இருக்கட்டும், செம்பையும் இரும்பையும் கலந்தால் கடல் இரும்பைத் தின்றுவிடும்.

ஃபைபர் வேண்டவே வேண்டாம். ஈரமும் எண்ணெயும் ஊறிய மரத்தில் ரெசின் ஒழுங்காகப் பிடிக்காது. மரம் அசைய அசைய விளிம்பு விட்டுத் தண்ணீர் புகுந்து, உள்ளே நடப்பது தெரியாமலே போகும்.

(இதைப் படிக்கும் யாரிடமாவது இரும்புக் கீலை (ஏராவை) போல்ட் போட்டுப் பூட்டிய ஃபைபர் பாய்ப்படகு இருந்தால், அதற்கு வைத்தியம் வேறு. முன்னால் இடித்தாலும் கீலின் பின்முனைதான் அடித்தளத்தை மேலே தள்ளும், வெடிப்பை அங்கே தேடுங்கள். கீலும் உடலும் சேரும் கோட்டில் துரு வழிந்தால் போல்டைச் சோதிக்காமல் கடலில் இறக்காதீர்கள்.)

கலப்பத்து (பலகை இடுக்குகளில் பஞ்சு அடைப்பது) பார்க்கும்போது பஞ்சை அளவுக்கு மீறித் திணிக்க விடாதீர்கள். பலகை ஊறி உப்பும்போது வங்கைத் தள்ளும். கரையில் இருக்கும் வரை ஓலை போட்டு நிழல் கொடுங்கள், வெயிலில் வெடித்தால் அது தனிச் செலவு. இறக்கியதும் கொஞ்சம் ஒழுகும். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் திரும்ப ஏற்றிக் காடியைப் பாருங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் அப்போது கரையேறிவிடும், நல்ல ஓடாவி உங்கள் கைக்குக் கிடைக்க மாட்டார். மாசியிலேயே சொல்லி வையுங்கள்.