நாடகக்காரர்களின் வாத்தியார்

எங்கள் ஊர்த் திருவிழாவில் 'வள்ளி திருமணம்' நாடகம் போட்டார்கள். மேடையேறும் முன் நடிகர்கள் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார்கள். அவர் சாமியாரா, நாடகம் எழுதியவரா?
(வாசகர், மேலூர்)

இரண்டும்தான். ஆனால் அந்தக் கும்பிடு வாத்தியாருக்குரியது. சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றார். உப்புப் பண்டகசாலையில் கொஞ்ச காலம் கணக்கு எழுதிவிட்டு, இருபத்து நான்கு வயதில் நாடகத்துக்கு வந்துவிட்டார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயங்கரமான வேஷங்களில் பேர் வாங்கினார். அவருடைய வேஷத்தைக் கண்டு அஞ்சிய கர்ப்பிணி ஒருத்திக்குக் கேடு நேர்ந்ததாகவும், அந்த வேதனையில் அவர் அரிதாரத்தையே விட்டதாகவும் நாடகக்காரர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். காவி கட்டித் தீர்த்த யாத்திரை போனார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகன்போல வைத்துக்கொண்டு லயம் சொல்லிக்கொடுத்தார். சுவாமிகள் பாட்டில் தாளம் துள்ளுவதற்குக் காரணம் அந்தப் புதுக்கோட்டை வாசம்தான் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதுமாகவே வாழ்ந்தார்.

ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாது என்கிறார்களே, விடிய விடிய எப்படித் தடுமாறாமல் நடிக்கிறார்கள்?
(வாசகி, திண்டுக்கல்)

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒரே கம்பெனியாக இல்லாமல், வெவ்வேறு ஊர் நடிகர்களை ஒரு இரவுக்கு மட்டும் அழைத்துச் சேர்த்துப் போடுவதுதான் ஸ்பெஷல் நாடகம். பல வருஷங்களுக்கு முன்பு, நான் தமிழாசிரியராக இருந்த காலத்தில், திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாடகம் பார்க்கப் போனேன். பழக்கத்தின் பேரில் கொட்டகைக்குப் பின்பக்கம் நுழைந்தேன். வள்ளி வேஷக்காரர் டிரங்குப் பெட்டியின் மூடியில் கண்ணாடியைச் சாய்த்துவைத்து மை தீட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தவர், நாரதர் இன்னொரு ஊர். இருவரும் அன்றுதான் முதல்முறையாகச் சந்திக்கிறார்கள். நாரதர் வந்து ஒரு கும்பிடு போட்டார். "எந்த இடத்தில் தர்க்கம் எடுக்கலாம்?" என்று கேட்டார். "நீங்கள் எடுங்கள் அண்ணா, நான் வந்துவிடுகிறேன்" என்றார் வள்ளி. அவ்வளவுதான் ஒத்திகை. நடுநிசி தாண்டியும் இரண்டு பேரும் கேள்வியும் பதிலுமாக மோதினார்கள். ஓரிடத்தில் வள்ளி குறளைச் சொல்லி நிறுத்த, சாக்கு விரித்துப் படுத்திருந்த பெரியவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இது நடப்பதற்குக் காரணம், இருவருக்கும் பாடம் ஒன்று. சுவாமிகளுக்கு முன்பு பாட்டுகள் இருந்தன. வசனம் பெரும்பாலும் நடிகரின் வாய்க்கு வந்ததுதான். அவர் பாட்டையும் வசனத்தையும் வரையறுத்து, யாருக்குப் பின் யார், எந்தப் பேச்சுக்கு எந்தப் பாட்டு என்று கட்டிக் கொடுத்தார். மனப்பாடம் ஆவதற்கென்றே எழுதிய எழுத்து அது. சந்தமும் எதுகையும் நினைவைக் கைப்பிடித்து அழைத்துப் போகும்.

ஒரே ஒரு பாட்டைப் பாருங்கள். வேடனாக வரும் முருகன், தினைப்புனத்தில் நிற்கும் வள்ளியிடம் மான் வந்ததா என்று கேட்கிறான். "காயாத கானகத்தே நின்றுலாவும் நற்காரிகையே, மேயாத மான், புள்ளி மேவாத மான்" என்று பாட்டு போகிறது. மேயாத மான், புள்ளி இல்லாத மான் என்றால் எதிரில் நிற்பவளேதான். கேட்கிற குழந்தைக்கு அது மான் கதை, வள்ளிக்கு அது காதல் பேச்சு. வகுப்பில் சிலேடை நடத்தும்போது இலக்கணப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இதைத்தான் பாடிக் காட்டுவேன். கடைசி பெஞ்சுக்கும் புரிந்துவிடும்.

ஒரே இரவில் ஒரு முழு நாடகம் எழுதினாராமே, நம்பலாமா?
(வாசகர், ஈரோடு)

நம்பலாம். கூடவே இருந்த நாடக நடிகர் அவ்வை டி. கே. சண்முகம் தம் நாடக வாழ்க்கை நினைவுகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த நாடகம் 'அபிமன்யு சுந்தரி'. அப்போது சண்முகம் ஏழெட்டு வயதுப் பிள்ளை. அவரை அபிமன்யுவாக நடிக்கவைக்கத்தான் சுவாமிகள் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விடியும்போது பாட்டும் வசனமும் முடிந்திருந்தன. ஒரு இரவு என்பதைவிட, யாருக்காக அந்த இரவு என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு மூச்சு தாங்கும், எந்தச் சுருதி எட்டும், எந்தச் சொல் நாக்கில் நிற்கும் என்று தெரிந்த ஆசிரியர் எழுதியது அது.

ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளை நாடகக் கம்பெனியில் சேர்த்தது சரியா?
(வாசகி, திருநெல்வேலி)

பெரிய நடிகர்கள் கட்டுக்கு அடங்காததால் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார் என்பார்கள். 1910இல் தொடங்கிய சமரச சன்மார்க்க நாடக சபையில் பாட்டுக்குப் பேர் போன நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா வளர்ந்தார். 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்குச் சண்முகமும் அவருடைய சகோதரர்களுமான டி. கே. எஸ். சகோதரர்கள் வந்தார்கள். அந்தப் பிள்ளைகள் தாய் மடியை விட்டு வந்து ஊர் ஊராகக் கண்விழித்தார்கள் என்பது உண்மை. அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் அடியும் உண்டு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். இன்று அப்படி ஒரு கம்பெனி வந்தால் முதல் ஆளாக எதிர்ப்பேன். ஆனால், எழுத்தே எட்டாத பல வீட்டுப் பிள்ளைகள் திருக்குறளையும் நாலடியாரையும் நாக்கில் ஏற்றிக்கொண்டது அந்த மேடையில்தான். அதையும் சொல்லாமல் விட முடியாது.

பம்மல் சம்பந்த முதலியார் பெரியவரா, சுவாமிகள் பெரியவரா?
(வாசகர், சென்னை)

முதலியார் 1891இல் சுகுண விலாச சபை என்ற நாடக சபையைத் தொடங்கி, படித்தவர்களை மேடையேற்றினார். சுவாமிகள் மேடையே சோறு என்றிருந்தவர்களுக்குப் பாடம் கொடுத்தார். இருவரையும் ஒரு தராசில் வைக்க எனக்கு மனமில்லை. ஆனால் இன்றைக்கும் கிராமத்தில் விடிய விடியக் கேட்பது சுவாமிகளின் குரல்தான்.

நான் நாடகம் படிக்கும் மாணவன். சுவாமிகளைப் பற்றி அறிய எங்கே போகலாம்?
(வாசகர், புதுச்சேரி)

நீங்கள் இருக்கும் ஊரிலேயே தொடங்குங்கள் தம்பி. 1921இல் பக்கவாதம் தாக்கி, பேசிப் பேசியே பாடம் சொன்ன மனிதருக்குப் பேச்சு போய்விட்டது. 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பிறகு பங்குனி, சித்திரையில் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் வாருங்கள். பவளக்கொடியோ சத்தியவான் சாவித்திரியோ எது கிடைத்தாலும் விடாதீர்கள். மேடைக்கு எதிரே உட்கார வேண்டாம். ஆர்மோனியக்காரர் இருக்கும் பக்கமாக உட்காருங்கள். நடிகர் அடியை எடுக்கும் முன்பே ஆர்மோனியக்காரரின் உதடு அந்த அடியை முணுமுணுப்பது தெரியும்.