புகைப்படத்தின் மேல் பிரஷ்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: கணினியில் புகைப்படத்தை ஓவியமாக்க ஆயில் பெயின்ட் ஃபில்டர் (படத்தைத் தானாகவே எண்ணெய் ஓவியம் போல் மாற்றும் வசதி) போட்டுப் பார்த்தேன். ஓவியம் மாதிரி இல்லாமல் பிளாஸ்டிக் பூசியது போல் இருக்கிறதே?

பதில்: எது கண், எது சுவர் என்று ஃபில்டருக்குத் தெரியாது. படம் முழுக்க ஒரே அளவில் தீற்றிவிட்டுப் போகும். வரைபவர் கண்ணருகே மெல்லிய பிரஷ் எடுப்பார், பின்னணிக்கு அகலமானது எடுப்பார், கன்னம் வளையும் பக்கமே கையையும் வளைப்பார். ஃபில்டரை அடித்தளமாக வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதற்கு மேல் உங்கள் கை பட்டாக வேண்டும்.

கேள்வி: ஃபோட்டோஷாப் மிக்ஸர் பிரஷ்ஷால் (நிறங்களைக் கலந்து தீற்றும் கருவி) புதிய லேயரில் (படத்துக்கு மேல் வைக்கும் தனி அடுக்கு) இழுத்தால் ஒன்றும் விழவில்லை.

பதில்: மேல் பட்டையில் ‘சாம்பிள் ஆல் லேயர்ஸ்’ டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். அப்போதுதான் கீழேயுள்ள படத்தின் நிறத்தை பிரஷ் எடுக்கும். பக்கத்திலேயே இரண்டு பொத்தான்கள் உண்டு: நிறம் ஏற்றுவதை அணைத்து, ஒவ்வொரு தீற்றலுக்குப் பின்னும் சுத்தம் செய்வதை மட்டும் போட்டு வையுங்கள். கோரல் பெயின்ட்டர் என்ற ஓவிய மென்பொருளில், கீழேயுள்ள படத்தின் நிறத்தை எடுக்கும் வேலையை ‘குளோன் கலர்’ செய்யும்.

கேள்வி: முகம் வரையும்போது கடைசியில் எல்லாம் சேறாகிவிடுகிறது. நிறத்தைத் தேய்த்து இழுக்கும் ஸ்மட்ஜ் கருவியைத்தான் பயன்படுத்துகிறேன்.

பதில்: அந்த ஸ்மட்ஜ்தான் காரணம். முன்னும் பின்னும் தேய்த்தால் பக்கத்து நிறங்கள் ஒன்றாகிச் சாம்பல் தட்டும். முதலில் முகத்தை இருள், நடு, வெளிச்சம் என மூன்று தொனிகளாகப் பிரித்து, பெரிய பிரஷ்ஷால் தட்டையாக அடியுங்கள். இமை, மூக்குத் துவாரமெல்லாம் அப்புறம். இரண்டு தொனிகள் சந்திக்கும் இடத்தில் நடு நிறம் ஒன்றை எடுத்து ஒரு தீற்றல் வையுங்கள்; தேய்க்க வேண்டாம். எல்லா விளிம்பையும் இளக்கவும் கூடாது. மூக்கின் நிழல் கூர்மையாக இருக்கட்டும், தாடைக்கோடு பின்னணியில் ஓரிடத்தில் கரைந்தே போகட்டும்.

இன்னொன்று, நிழலைக் கேமரா பல நேரம் வெறும் கறுப்பாக்கிவிடும். அதை அப்படியே எடுக்காமல் கொஞ்சம் பழுப்போ நீலமோ கலந்தால் முகத்துக்கு உயிர் வரும். நடுநடுவே படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அதிலும் முகம் முகமாகத் தெரிந்தால் தொனி சரி.

கேள்வி: தலைமுடி?

பதில்: கற்றை கற்றையாக அடியுங்கள். தனி இழைகள் கடைசியில், அதுவும் ஓரங்களில் மட்டும் போதும்.

கேள்வி: மொபைலில் வந்த சின்னப் படம். ஏ4 அளவில் அச்சிட முடியுமா?

பதில்: முடியும். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்றால் 2480 × 3508 பிக்சல் வேண்டும். வரையத் தொடங்கும் முன்பே அந்த அளவுக்குப் பெரிதாக்கிவிடுங்கள். கீழேயுள்ள படம் மங்கினால் பரவாயில்லை, மேலே விழும் தீற்றல்கள் தெளிவாக இருக்கும். வரைந்து முடித்துவிட்டுப் பெரிதாக்கினால் தீற்றல்களும் சேர்ந்து மங்கிவிடும்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த படத்தின் மேல் வரைந்து விற்கலாமா?

பதில்: எடுத்தவரிடம் அனுமதி வாங்காமல் வேண்டாம். மேலே எத்தனை தீற்றல் வைத்தாலும் அவருடைய உரிமை போய்விடாது.