எந்த டீம் என்று கேட்டால்

தம்பி, சாவோ பாலோ வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆபீஸில் எல்லோரும் "கால்பந்தில் நீ எந்த டீம்?" என்று கேட்கிறார்கள், என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நம்மூரில் "சொந்த ஊர் எது?" என்று விசாரிப்பது மாதிரிதான் இது. கிரிக்கெட் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வந்த புதிதில் ஒருநாள் விவரம் தெரியாமல் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அது பால்மெய்ராஸ் என்ற இந்த ஊர்க் கிளப்பின் நிறம். அன்றைக்குப் பார்த்து அவர்களுக்கும் கொரிந்தியன்ஸுக்கும் ஆட்டம். எதிர் சீட்டுக் கொரிந்தியன்ஸ்காரர் மாலைவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"ஜுவென்டஸ்" என்று சொல்லிவிடுங்கள். இத்தாலி ஜுவென்டஸ் இல்லை, இங்கே மோக்கா பேட்டையின் ஜுவென்டஸ். கேட்டவர் எந்தக் கட்சியானாலும் சிரித்துவிடுவார். இந்த ஊரில் பலருக்கு அதுதான் இரண்டாவது டீம்.

மோக்கா, இத்தாலியர்கள் வந்து குடியேறிய ஆலைப் பேட்டை. 1917 பொது வேலைநிறுத்தம் மூண்டதே அங்குள்ள கிரெஸ்பி பஞ்சாலையில்தான். அந்த ஆலைத் தொழிலாளர்கள் 1924இல் தொடங்கிய கிளப் இது. 1930இல் முதலாளி ரொடோல்ஃபோ கிரெஸ்பிக்குப் பிடித்த துரின் நகர ஜுவென்டஸின் பெயரை வைத்துக்கொண்டார்கள். சட்டையோ அதே நகரில் அந்த ஜுவென்டஸின் பரம வைரியான டொரினோ கிளப்பின் மாதுளைச் சிவப்பு! அதே ஆண்டு கொரிந்தியன்ஸைத் தோற்கடித்ததில் 'மொலெக்கே த்ராவேசோ' என்று பட்டப்பெயர் வந்தது. வாலுப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1983இல் தேசிய இரண்டாம் பிரிவுக் கோப்பையை வென்றார்கள். அதற்கப்புறம் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் ருவா ஜவாரி என்ற தெருப்பெயரால் எல்லோரும் அழைக்கும் அந்தச் சின்ன மைதானத்துக்கு ஒருமுறை போய்த்தான் ஆகவேண்டும். 1959 ஆகஸ்ட் 2 அன்று, 18 வயதுப் பெலே அங்கே ஜுவென்டஸின் மூன்று தடுப்பாட்டக்காரர்கள் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டு, கோல்கீப்பரையும் அப்படியே தாண்டி, தலையால் முட்டி உள்ளே தள்ளினார். தன் கோல்களிலேயே அழகானது அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். படமெடுத்தது எதுவும் மிஞ்சவில்லை. பின்னால் கணினியில்தான் வரைந்து காட்டினார்கள். பேட்டைப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஆளுக்கு ஆள் "அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்" என்பார்கள். அத்தனை பேர் உட்கார அங்கே இடமே கிடையாது.

கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று லைன்ஸ்மேனைத் திட்டினால் அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும். அவ்வளவு பக்கம். இடைவேளையில் கன்னோலி வாங்கக் கூட்டம் வரிசை கட்டும். மொறுமொறு குழலுக்குள் கிரீம், மேலே பொடிச் சர்க்கரை. முதல் கடியிலேயே சட்டையெல்லாம் வெள்ளை. முட்டை சாப்பிடாதவர் என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சிவப்பு மெட்ரோவில் பிரெஸ்ஸர்-மோக்காவில் இறங்கி நடந்துவிடலாம். சீக்கிரமே போனால், அந்தப் பக்கமே இருக்கும் குடியேறிகள் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடலாம். கப்பலில் வந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த பழைய விடுதி அது. தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், கோலுக்குப் பின்னால் கூரை கிடையாது.