மாமியார் வரவில்லை

அன்புள்ள ஐயா,

என் அறைத்தோழன் இந்திக்காரன். ஏதோ மொழியியல் ஆய்வுக்காக அவன் மெல்லண்ணத்தில், அதாவது மேல்வாயின் மென்மையான பின்பகுதியில், ஊசியால் கம்பி செருகி இந்திச் சொற்களைச் சொல்லச் சொன்னார்களாம். ஒலிப்பதிவு செய்து கேட்டால் போதாதா? எதற்கு இந்தக் கொடுமை? தொல்காப்பியர் ஊசியில்லாமலே எல்லாம் சொல்லிவிட்டாரே. எனக்கு ஏழு வருடமாகியும் இந்தி உச்சரிப்பு வரவில்லை. நம் தொண்டையில் அந்தத் தசையே கிடையாதோ?

வாசகர், நொய்டா

அன்புள்ள தம்பி,

பேத்திக்கு இந்திப் பாடம் சொல்லித்தர உட்கார்ந்த நாளிலிருந்து மூக்கு வழியாக ஒலிக்கச் சொல்லி எழுத்தின் தலையில் வைக்கிற சந்திரபிந்து என்கிற அந்தப் பிறையும் பொட்டும் என்னைப் படுத்துகிறது. அதனால்தான் உடனே பதில்.

மரத்துப்போக மருந்து தடவித்தான் செய்வார்கள், கவலை வேண்டாம். ஊசி வெளியே வந்துவிடும். முடி போன்ற கம்பியின் கொக்கி மட்டும் தசையில் நிற்கும். தொல்காப்பியர் மிடற்றையும் அண்ணத்தையும் மூக்கையும் சொன்னார், சரி. எந்தத் தசை எந்த நொடியில் சுருங்குகிறது என்று சொன்னாரா? அவரை விட்டுவிடுங்கள், பாவம்.

ஒலிப்பதிவு போதாது. மெல்லண்ணம் மூக்குக்குப் போகிற வழியின் கதவு. அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு தசை உண்டு. நாக்கின் ஓரத்துக்கும் அண்ணத்துக்கும் நடுவே ஓடும் இன்னொன்று கீழே இழுக்கும்; கண்ணாடி முன் வாயைத் திறந்தால் உள்நாக்கின் இருபக்கமும் தெரிகிற முன்வளைவுக்குள் இருப்பது அதுதான். கதவு இறங்கியதைக் காது கேட்டுச் சொல்லிவிடும். பிடி விட்டதால் இறங்கியதா, யாரோ இழுத்து இறங்கியதா? தசையில் எழும் மின்சாரத்தைத்தான் கேட்க வேண்டும். 1987-இல் தீட்சித், பெல்-பெர்ட்டி, ஹாரிஸ் மூவரும் இந்தியின் மூக்குயிர்களை (மூக்கு வழியாகவும் ஒலிக்கிற உயிர்களை) வைத்து அந்த இழுக்கும் தசையைத்தான் ஆராய்ந்தார்கள். இந்தி வல்லினத்தின் நான்கு வகைக்கும் குரல்வளை என்ன செய்கிறது என்பதை ககாயாவும் ஹிரோஸேயும் 1975-லேயே பார்த்துவிட்டார்கள். அதற்குள் போனால் விடிந்துவிடும்.

உங்கள் கடைசி வரிதான் எனக்குக் கோபம் மூட்டியது. தசை கிடையாதா? ஏழு வருடம் அந்த ஊர்ச் சோறு தின்றுவிட்டு எழுதுகிற வரியா இது?

1983 குளிர்காலம், லக்னோ. கரியடுப்புப் புகையில் எனக்கு இழுப்பு வந்துவிட்டது. ராத்திரி ஒரு டாக்டரிடம் ஓடினேன். 'மூச்சு வரவில்லை' என்று சொல்ல வேண்டும். இந்தியில் மூச்சுக்கும் மாமியாருக்கும் ஒரே சொல்தான், மூச்சில் மட்டும் 'சா' மூக்கு வழியாகப் போகும். நான் போகவிடவில்லை. "சாஸ் நஹி ஆ ரஹீ ஹை" என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மாமியார் வராவிட்டால் நல்லதுதானே?" என்றார். சரி, மூக்குதானே வேண்டும் என்று அழுத்தமாக ஒரு 'ன்' போட்டேன்: சான்ஸ். பிழைக்கவே சான்ஸ் இல்லை என்று ஆயிற்று. கம்பவுண்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமினேன்: "அந்தக் கம்பவுண்டர் பய சிரிச்சான்!"

அங்கேதான் விஷயம் இருக்கிறது, தம்பி. எழுத்தில் 'ன்' இருக்கிறது. என் நாக்கு எங்காவது போய்த் தொட்டதா? இல்லை. 'சா' அப்படியே மூக்கில் கரைந்தது. டாக்டரிடம் வராத அதே ஒலி. வீட்டுப் பேச்சில் 'வந்தாள்' என்பதன் 'ள்' உதிர்ந்து 'வந்தா' ஆகிவிடுகிறது. 'வந்தான்' என்பதிலும் 'ன்' நிற்பதில்லை. அப்புறம் அவளுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்? மூக்கு மட்டும்தான். 'நான்', 'மரம்', 'போனேன்' எல்லாம் இதே கதை. நமக்கு அதற்கு எழுத்து இல்லை, அவர்களுக்குப் பிறையும் பொட்டும் இருக்கிறது. எழுத்து இல்லாததைக் காது கண்டுகொள்வதில்லை. எனக்கு இது புரிய இருபது வருடம் ஆயிற்று. சொல்லின் கடைசியில் தினமும் ஆயிரம் தடவை செய்கிறதை நடுவில் செய்யச் சொன்னால் தசை இல்லை என்கிறீர்கள்!

மூக்கைப் பிடித்துக்கொண்டு 'சிரிச்சா', 'சிரிச்சான்' இரண்டையும் வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். ஒன்று அப்படியே வரும், மற்றது அடைத்த மாதிரி கேட்கும். அப்புறம் மூக்கை விட்டுவிட்டு இரண்டையும் உங்கள் அறைத்தோழனிடம் சொல்லுங்கள். அவனுக்குத் தமிழ் தெரியாது. எதில் சந்திரபிந்து இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.