நாலரைக் கட்டைக்காரர்: இர்விங் பெர்லின் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்கப் பாடலாசிரியர், இசையமைப்பாளர் இர்விங் பெர்லின். இத்தனை பாட்டு எழுதியவருக்கு இசைக் குறிப்பு எழுதத் தெரியாதாமே, நிஜமா?

நிஜம்தான். பியானோவில் அவர் கை ஓடியது பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில்தான். மேலைநாட்டார் எஃப் ஷார்ப் என்னும் அந்தச் சுருதி, நம் ஆர்மோனியக்காரர்கள் கணக்கில் நாலரைக் கட்டை. பாடுபவருக்கு வேறு சுருதி வேண்டுமென்றால் என்ன செய்வார்? அவருடைய பியானோவில் ஒரு நெம்புகோல் உண்டு. அதைத் தள்ளினால் கட்டை வரிசை மொத்தமும் நகர்ந்து வேறு தந்திகளோடு பொருந்திக்கொள்ளும். விரல் பழைய இடத்தில், ஒலி புதிய சுருதியில்! அப்படி ஒரு பியானோ இன்றும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படியானால் வேறு யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள் அல்லவா?

அவர் காலத்திலேயே கிளம்பிய வதந்தி இது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஒரு கறுப்பினச் சிறுவனை ஒளித்துவைத்துப் பாட்டு வாங்குகிறார் என்றார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் பாட்டு எழுதியவர். அந்தச் சிறுவன் கிழவனாகியிருப்பான்! நடந்தது இதுதான்: அவர் பாடியோ வாசித்தோ காட்டுவார், சம்பளத்துக்கு இருந்த உதவியாளர் குறித்துக்கொள்வார். மனத்தில் இருந்த ஒலி வரும்வரை விடமாட்டார். கர்ணபரம்பரையாகப் பாட்டு வளர்த்த நமக்கு இதில் சந்தேகம் வருவதே எனக்கு ஆச்சரியம்.

தொடக்கம் எப்படி?

ரஷ்யப் பேரரசிலிருந்து 1893இல் நியூயார்க் வந்த ஏழை யூதக் குடும்பம். அப்பா இறந்தபோது பையனுக்கு வயது 13. வீட்டைவிட்டு வெளியேறி மதுக்கடைகளில் பாடிக் காசு பொறுக்கினான். ஓர் அரங்கில் பால்கனியில் ரசிகன்போல உட்கார்ந்திருந்து, மேடையில் பாடகர் பாடியதும் தானாக உருகியவன்போல எழுந்து பல்லவியைத் திருப்பிப் பாடுவது வேலை. பாட்டு பிரபலமாக வேண்டுமென்று அதன் பதிப்பாளர் தந்த கூலி வாரம் 5 டாலர். 1907இல் அச்சான முதல் பாட்டில் அவர் பங்குக்கு அரை டாலர்கூடத் தேறவில்லை.

அவருடைய 1911ஆம் வருடப் பாட்டு 'அலெக்சாண்டர்ஸ் ராக்டைம் பேண்ட்' உண்மையில் ராக்டைம்தானா?

பெயரில் மட்டும். ராக்டைம் என்பது அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த இசை வகை. அதற்கே உரிய தாளம் தள்ளிவிழும் நடை இந்தப் பாட்டில் குறைவு. இது பாதி அணிவகுப்புப் பாட்டு. உலகமே பாடியது, அது வேறு விஷயம்.

பணம் சேர்ந்ததா?

நன்றாகவே. 1919இல் சொந்தப் பதிப்பகம், 1921இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் பங்காளியோடு சொந்த அரங்கம். பாட்டை எழுதியவரே அதன் உரிமையையும் கையில் வைத்திருந்தது அன்று அபூர்வம். 1918இல் எழுதி ஓரமாக வைத்த 'காட் பிளெஸ் அமெரிக்கா' என்ற தேசபக்திப் பாட்டை 1938இல் எடுத்துத் திருத்தி, பாடகி கேட் ஸ்மித்திடம் வானொலியில் பாடக் கொடுத்தார். அதன் வருமானத்தைச் சாரணர் இயக்கங்களுக்கு எழுதிவைத்தார்.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

எல்லோரும் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' என்பார்கள். நான் 'வென் ஐ லாஸ்ட் யூ' என்பேன். 1912இல் மணமான சில மாதங்களிலேயே மனைவி டோரதி டைபாய்டில் இறந்தார். அதன்பின் எழுதிய மெதுவான வால்ட்ஸ் (மூன்று எண்ணிக்கைத் தாளப் பாட்டு) அது. அதுவரை வேடிக்கைப் பாட்டுக்காரர் என்றே பெயர் வாங்கியிருந்தவர்.