பின்னேர வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலம்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. கொழும்பில் ஓர் அரச பாடசாலையில் தரம் 4 படிக்கிறான். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் சித்திரம், சங்கீதம், விளையாட்டுப் பாடவேளைகளிலும் மாதிரி வினாத்தாள்தான் செய்விக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டதும் மூன்று மணிக்கு ரியூஷன். திரும்பி வர ஆறு மணி தாண்டிவிடும். சனி, ஞாயிறும் வகுப்பு. சில மாதங்களாகக் காலையில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்கிறான், பின்னேரம் தலையிடி என்கிறான். விடுமுறை நாட்களில் ஒன்றும் இல்லை. "ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தால் பிறகு ஆசைதீர விளையாடலாம்" என்பது என் கணவரின் கட்சி. ஞாபகசக்திக்கு ஏதாவது சிரப் கொடுக்கலாமா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சிரப் வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்கு அதனால் ஞாபகசக்தி கூடும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. பிள்ளை வெளிறிப்போய், சோர்ந்து இருந்தால் ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அதற்குரிய மருந்தை வைத்தியர் தருவார். அது வேறு விடயம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது "விடுமுறை நாட்களில் ஒன்றும் இல்லை" என்ற வரி. இதைக் கேட்டதும் பல வீடுகளில் "அப்ப நடிக்கிறான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவன் நடிக்கவில்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையே நெருக்கமான நரம்புத் தொடர்பு உண்டு. மனம் பதறும்போது குடலின் அசைவு மாறும், சாதாரண அசைவே வலியாக உணரப்படும். இந்த வயதில் திரும்பத் திரும்ப வரும் வயிற்றுவலியில் பெரும்பகுதி இவ்வகைதான். அவனைத் தனியே கூப்பிட்டு இன்னொன்றும் கேளுங்கள்: பாடசாலையில் கழிவறைக்குப் போகிறானா? பல பிள்ளைகள் அங்குள்ள கழிவறைக்கு அருவருத்து அடக்கி வைத்துக்கொண்டே வீடு வருகிறார்கள். மலச்சிக்கலும் இதேபோலத்தான் வலிக்கும்.

வலி நித்திரையிலிருந்து எழுப்பினாலோ, தொப்புளை விட்டு ஒரு பக்கமாக நின்றாலோ, நிறை குறைந்தாலோ, வாந்தி, காய்ச்சல், மலத்தில் இரத்தம் என்று எதுவும் கண்டாலோ, இந்தப் பத்தியை நம்பிக் காத்திருக்காமல் உடனே சிறுவர் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

தலையிடிக்கு முதல் வேலை கண் பரிசோதனை. கரும்பலகையில் எழுதியிருப்பது தெரியாத பிள்ளை பலவேளை அதை வாய்திறந்து சொல்லாது, கண்ணைச் சுருக்கிச் சமாளித்துக்கொள்ளும். கிட்டப்பார்வைக்கும் வெளியில் விளையாடாமல் இருப்பதற்கும் உள்ள தொடர்பு இன்று நன்றாக அறியப்பட்டது. சீனாவின் குவாங்சோ நகரில் ஆரம்பப் பாடசாலைகள் சிலவற்றில் நாளுக்கு 40 நிமிட வெளிப்புற வகுப்பைக் கூடுதலாகச் சேர்த்து மூன்று வருடம் கவனித்தார்கள். 2015 இல் வெளியான முடிவின்படி, அந்தப் பிள்ளைகளில் சுமார் 30 வீதமானோருக்குக் கிட்டப்பார்வை புதிதாக வந்தது. வழமைபோல் படித்த பாடசாலைகளில் அது சுமார் 40 வீதம். பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் சுரப்பைக் கூட்டி, கண்கோளம் அளவுக்கு மீறி நீள்வதைத் தடுக்கிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். வீட்டு மின்விளக்கின் ஒளி இதற்குப் போதாது.

இங்கேதான் உங்கள் மகனின் நேரசூசி என்னை உறுத்துகிறது. கொழும்பில் வருடம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் பொழுது சாய்ந்துவிடும். மூன்று முதல் ஆறு வரை ரியூஷன் என்றால், பிள்ளைக்கு மிஞ்சும் பகல் முழுவதையும் அது விழுங்கிவிடுகிறது. விளையாட்டுப் பாடவேளையும் பறிபோனால் அவன் வெயிலைப் பார்ப்பது பாடசாலை வானின் ஜன்னல் வழியாகத்தான்.

சித்திரமும் சங்கீதமும் போனதைச் சிறிய விடயமாக எடுக்காதீர்கள். வெட்டி, ஒட்டி, வரைந்து பழகும் விரல்தான் வேகமாக எழுதும். கிளித்தட்டு விளையாடும் பிள்ளை முறைக்காகக் காத்திருக்கவும், சண்டை பிடித்தவனோடு அடுத்த நிமிடமே சேரவும் படிக்கிறது. அமெரிக்காவில் 2002 இல் வந்த கல்விச் சட்டம் வாசிப்பு, கணிதப் பரீட்சைப் பெறுபேறுகளை வைத்துப் பாடசாலைகளை மதிப்பிட்டது. பல இடங்களில் சமூகக்கல்வி, கலை, இடைவேளை ஆகியவற்றின் நேரம் சுருங்கியது. எங்கள் ஊரில் அதைப் புலமைப்பரிசில் செய்கிறது. ஆசிரியரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. கூட்டத்தில் எழுந்து "எத்தனை பேப்பர் செய்வித்தீர்கள்" என்று கேட்பது பெற்றோராகிய நாங்கள்தானே. அடுத்த கூட்டத்தில் விளையாட்டுப் பாடவேளையை மட்டுமாவது விட்டுவைக்கும்படி நாலு பெற்றோர் சேர்ந்து கேளுங்கள்.

கணவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பரீட்சையால் எங்களுக்கு ஆகப்போவது என்ன? வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவித்தொகை, பெரிய பாடசாலைகளில் தரம் 6 இல் அனுமதி, இவை இரண்டும்தான் அதன் பயன். உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் பார்ப்பார்கள். மகன் இப்போது படிக்கும் பாடசாலையிலேயே உயர்தரம் வரை இருந்து, அதில் உங்களுக்கும் திருப்தி என்றால் வெட்டுப்புள்ளிக்காக இந்தப் பாடு எதற்கு? பாடசாலை மாற்றத்தான் வேண்டும் என்றால் படிக்கட்டும், ஆனால் பின்வரும் அளவில்.

கிழமை நாட்களில் ரியூஷன் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். ஞாயிறு முழுவதும் அவனுடையது. ரியூஷன் இல்லாத நாட்களில் நாலரை முதல் ஐந்தரை வரை வெளியே. உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலசைவைச் சொல்கிறது. வீட்டுவேலையை இருட்டிய பிறகு மின்விளக்கில் செய்யலாம், விளையாட்டை அப்படித் தள்ளிப்போட முடியாது. தொடர்மாடியில் முற்றம் இல்லை என்பீர்கள். கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது. தண்டவாளத்தைக் கடக்கும்போது மட்டும் கையை விடாதீர்கள். விடுமுறையில் காலிமுகத்திடல், விகாரமகாதேவி பூங்கா. டெங்குப் பயம் நியாயமானதுதான். நீளக்கைச் சட்டையும் நுளம்பு விரட்டும் பூச்சும் போதும், அதற்காக வீட்டுக்குள் பூட்டிவைக்க வேண்டாம். அந்த நேரத்தில் கராத்தே வகுப்பு, நீச்சல் வகுப்பு என்று இன்னொன்றைச் செருகிவிடாதீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காத விளையாட்டாக இருக்கட்டும்.

நித்திரை 9 மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. ஐந்தரைக்கு எழுபவன் எட்டரைக்குப் படுக்கவேண்டும். காலையில் வயிறு வலிக்கிறது என்றால் கடிந்துகொள்ளாமல், பனடோலும் கொடுக்காமல், கொஞ்சம் முன்னதாக எழுப்பிக் கழிவறையில் ஆறுதலாக இருக்கவிட்டுப் பாடசாலைக்கு அனுப்புங்கள். வலிக்காக வீட்டில் நிறுத்தினால் அடுத்த நாள் போவது இன்னும் கடினமாகும்.

வலி வந்த நாள், நேரம், அன்று என்ன வகுப்பு என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்துவாருங்கள். நாலு கிழமையில் குறையாவிட்டால் அந்தக் கொப்பியோடு சிறுவர் வைத்தியரைப் பாருங்கள். முடிந்தால் கணவரையும் கூட்டிப்போங்கள்.